தொண்ணூறில் தொடங்கும் நடுக்கம்

“எண்பத்தஞ்சு வரைக்கும் ஒண்ணும் இல்ல சார். தொண்ணூறைத் தொட்டா ஸ்டியரிங் உதறுது. நூத்திப் பத்துக்கு மேல போனா, சொல்லிவெச்ச மாதிரி அடங்கிடுது.” திண்டிவனம் பக்கமிருந்து என் பட்டறைக்கு வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சொன்னது இது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருந்தார். உள்ளே ஓராண்டுக் காலப் பில்கள், தேதிவாரியாக அடுக்கி, மூலையில் குண்டூசி குத்தி. ‘அலைன்மென்ட் பேலன்சிங்’ மூன்று முறை. லோயர் ஆர்ம் இரண்டு. டை ராட் எண்ட் ஒரு ஜோடி. கடைசியாக, முன்சக்கரங்களுக்கு இரண்டு புது டயர். “இனிமே மாத்துறதுக்கு டிரைவர்தான் பாக்கி. அது நான்தான்” என்றார்.

அவர் பேசிய மூன்று வாக்கியங்களில் பாதி விடை இருந்தது. எந்த வேகத்தில் தொடங்குகிறது, எதில் தெரிகிறது, எப்போது அடங்குகிறது என்று விடைத்தாள் திருத்திப் பழகியவரின் ஒழுங்கோடு சொல்லிவிட்டார். ஆனால், அந்த உறையிலிருந்த எந்த ஜாப் கார்டிலும் அவை ஏறியிருக்கவில்லை. ‘வைப்ரேஷன் கம்ப்ளைன்ட்’ என்ற இரண்டு சொல்லோடு எல்லோரும் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கும் நான் இதை அடுத்தவர் குற்றமாக எழுத முடியாது. நானும் அப்படி எழுதிய ஜாப் கார்டுகள் ஏராளம். நம் பட்டறைகளில் பாகத்துக்கு விலை உண்டு, அதை மாட்டும் கூலிக்கும் விலை உண்டு. கோளாறு எதுவென்று யோசிப்பதற்குத்தான் விலை கிடையாது. அதனால் யோசனை நடக்க வேண்டிய இடத்தில் பாகம் மாற்றுவது நடக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் தலைகாட்டும் நடுக்கத்தில் இது பளிச்சென்று தெரியும். ஏனென்றால், வண்டியைப் பட்டறைக்குள் நிறுத்திவைத்துப் பார்க்க முடியாத கோளாறு அது.

ஏன் சரியாகத் தொண்ணூறு? சிறிய கார்கள் பலவற்றில் வரும் 165/80 ஆர் 14 அளவு டயர், ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் ஓடும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். அதாவது, சக்கரம் நொடிக்கு 13 முறை சுற்றுகிறது. இன்னொரு பக்கம், சக்கரம், ஹப், பிரேக் எல்லாம் சேர்ந்த ஒரு கனம், மேலே சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்கும் கீழே காற்றடைத்த டயருக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கென்று ஓர் இயல்பான துள்ளல் உண்டு. பெரும்பாலான கார்களில் நொடிக்கு 10 முதல் 15 முறை. இந்தத் துள்ளலும் சக்கரத்தின் சுற்றும் ஒத்துப்போகும் வேகம், 70க்கும் 110க்கும் இடையில் எங்கோ விழுகிறது. நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடந்தவர்களுக்கு இது புரியும். மெல்ல நடந்தால் தளும்பாது, ஓட்டமும் நடையுமாகப் போனாலும் அவ்வளவாகத் தளும்பாது. நடையும் குடத்து நீரின் அலையும் ஒன்றுசேரும் ஒரு வேகத்தில்தான் புடவை நனையும். தலைமையாசிரியரின் கார் நூற்றுப்பத்தில் அடங்கியது கோளாறு குறைந்ததால் அல்ல. அந்தத் தாளத்தைக் கார் தாண்டிப் போய்விட்டது, அவ்வளவுதான். உண்மையில் அங்கே சக்கரத்தை இழுக்கும் விசை இன்னும் கூடியிருக்கிறது.

அந்த விசை எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினால் பலர் நம்புவதில்லை. 14 அங்குல ரிம்மின் விளிம்பில் 20 கிராம் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை முக்கால் கிலோ அளவுக்கு வெளிப்புறமாக இழுக்கும். 100 கிலோமீட்டரில் மூன்று கிலோ. வேகம் இரு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. நொடிக்குப் பதினான்கு, பதினைந்து முறை மூன்று கிலோ சுத்தியலால் மாறி மாறி எல்லாத் திசையிலும் தட்டுவதுபோல. ஊருக்குள் நாற்பதில் ஓடும்போது எதுவும் தெரியாததும், சுங்கச்சாவடி தாண்டியதும் தெரிவதும் இதனால்தான். சில கார்களில் நடுக்கம் ஒரு நிமிடம் வந்து, அடுத்த நிமிடம் காணாமல் போய், மீண்டும் வரும். ‘உங்களுக்குப் பிரமை’ என்று வாடிக்கையாளரை அனுப்பிவைப்பதும் நடக்கிறது. இரண்டு முன்சக்கரங்களிலும் ஆளுக்குக் கொஞ்சம் எடைக் கோளாறு இருந்தால், வளைவுகளில் வெளிச்சக்கரம் சற்றுக் கூடுதலாக ஓடுவதால் இரண்டின் கனமான பக்கங்களும் ஒருசமயம் சேர்ந்தும் ஒருசமயம் எதிரெதிராகவும் நிற்கும். சேரும்போது ஸ்டியரிங் உதறும், எதிராகும்போது அடங்கும். பிரமை இல்லை.

ஆகவே, நடுக்கத்தோடு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அது எங்கே தெரிகிறது என்பதை. ஸ்டியரிங் கையில் உதறினால் பெரும்பாலும் முன்சக்கரங்கள். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பெரும்பாலும் பின்சக்கரங்கள். ‘பெரும்பாலும்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். இது சட்டமல்ல, பின்சக்கர டயர் ஒன்றின் கோளாறு ஸ்டியரிங்கில் தெரிந்ததையும் பார்த்திருக்கிறேன். அடுத்து, பிரேக் மிதிக்கும்போது மட்டும் வருகிறதா என்பது. அப்படியென்றால் பேலன்சிங் இயந்திரத்துக்கு அங்கே வேலை இல்லை. பிரேக் டிஸ்க்கையும் அது உட்காரும் ஹப்பையும் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் முன்பக்கம் குலுங்கி, காலை எடுத்ததும் நின்றால், கியர்பாக்ஸ் பக்கத்துச் சி.வி. ஜாயிண்ட்டைச் சந்தேகிக்கலாம். அதன் கிண்ணத்துக்குள் ஓடும் மூன்று உருளைகள் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். இழுவை கூடும்போதுதான் அந்தப் பள்ளம் பேசும்.

எதையும் மிதிக்காமல் சீராக ஓடும்போதும் நடுக்கம் இருந்தால், இன்ஜினையும் சக்கரத்தையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஆளரவமற்ற, நேரான சாலையில், அதே வேகத்தில் கிளட்சை மிதித்து இன்ஜினை ஐடிலுக்கு இறங்க விடுவது. நடுக்கம் அப்படியே நீடித்தால் இன்ஜின் மேல் பழியில்லை. சில நொடிகள் போதும். சாவியைத் தொடவே கூடாது, இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் கூடவே போய்விடும். இதைவிடப் பத்திரமான வழி, அதே 80 கிலோமீட்டரை ஐந்தாம் கியரிலும் நான்காம் கியரிலும் ஓட்டிப் பார்ப்பது. வேகம் மாறாமல் இன்ஜினின் சுழற்சி மட்டும் மாறுகிறது. நடுக்கமும் மாறினால் இன்ஜின் பக்கம், மாறாவிட்டால் சக்கரத்தின் பக்கம். பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா போலப் பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் இன்னொரு சந்தேகமும் உண்டு. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. அதன் நடுக்கம் உதறலாக இருக்காது, தரையில் ஒரு ரீங்காரமாக, உள்கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் உருவம் மங்குவதாகத் தெரியும். அதன் மூட்டிலுள்ள கிராஸை மாற்றுவதற்காக ஷாஃப்ட்டைக் கழற்றியவர்கள், திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளிக் கோத்துவிட்டாலும் இதே ரீங்காரம் வரும். ‘போன மாசம் கிராஸ் மாத்துனீங்களா?’ என்ற ஒரு கேள்வி அங்கே ஆயிரக்கணக்கான ரூபாயை மிச்சப்படுத்தும்.

கைபேசி இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி. அதிர்வை நொடிக்கு இத்தனை முறை என்று பிரித்துக்காட்டும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. போனை இருக்கைகளுக்கு நடுவே அசையாமல் வைத்து, வண்டி ஓட்டாத ஒருவர் பார்க்க வேண்டும். 90 கிலோமீட்டரில் 13ஐ ஒட்டி ஒரு கூர்முனை எழுந்தால் சக்கரம். 26 என்றால் சக்கரம் ஒரு சுற்றுக்கு இருமுறை தட்டுகிறது, டயரோ ரிம்மோ நீள்வட்டமாகியிருக்கலாம். 50ஐ ஒட்டி என்றால் ஷாஃப்ட்டோ இன்ஜினோ. இது மருந்துச்சீட்டு அல்ல. எந்தத் திசையில் தேட வேண்டாம் என்று சொல்லும், அந்த அளவுக்குப் பெரிய உதவி.

அலைன்மென்ட் என்பதையும் பேலன்சிங் என்பதையும் நாம் ஒரே மூச்சில் ஒரே சொல்லாகச் சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டுக்கும் ஒரே கடை, ஒரே பில், ஒரே அரைமணி நேரம் என்பதால் வந்த பழக்கம். அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது. அது கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கமாகத் தேயும். நடுக்கத்தை அது நேரடியாக உண்டாக்குவதில்லை. பல மாதங்கள் அப்படியே ஓட்டி டயர் அலை அலையாகத் தேய்ந்த பிறகு அதிர்வு வரலாம், ஆனால் அப்போது கோணத்தைத் திருத்தினாலும் தேய்ந்த டயர் திருந்தாது. தலைமையாசிரியர் மூன்று முறையும் இரண்டுக்கும் சேர்த்தே பணம் கட்டியிருந்தார். மூன்று அலைன்மென்ட் அச்சுத்தாள்களிலும் எண்கள் பச்சைக் கட்டத்துக்குள்ளேயே இருந்தன, முதல் முறையே.

பேலன்சிங் இயந்திரத்தைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை நம்மிடம் இருக்கிறது: திரையில் இரண்டு பக்கமும் பூஜ்யம் வந்துவிட்டால் சக்கரம் சரி. அந்த இயந்திரம் என்ன செய்கிறது என்று அருகில் நின்று பாருங்கள். பையன் சக்கரத்தைத் தண்டில் மாட்டி, நடுத்துளையில் கூம்பை அழுத்தி, நட்டை முறுக்குகிறான். மூடி இறங்குகிறது, சக்கரம் சுற்றுகிறது, உள்பக்கம் 35, வெளிப்பக்கம் 20 என்று எண் வருகிறது. விளக்கு நிற்கும் இடத்தில் ஈயத்தைச் சுத்தியலால் தட்டிச் செருகுகிறான் அல்லது பின்னால் ஒட்டுகிறான். மறுபடி சுற்றினால் பூஜ்யம். இதில் இரண்டு விஷயங்கள் கண்ணில் படுவதில்லை. ஒன்று, சக்கரம் அங்கே அந்தரத்தில் சுற்றுகிறது. சாலையில் அதன் மேல் முந்நூறு கிலோ அளவுக்குப் பாரம் உட்கார்ந்திருக்கிறது. டயரின் ஒரு பகுதி மற்றதைவிட விறைப்பாக இருந்தால், பாரம் ஏறும்போதுதான் அது மேடுபோல முட்டும். அந்தரத்தில் பூஜ்யமே காட்டும். அந்தப் பாரத்தை உருளையால் அழுத்திச் சோதிக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன, நம் தெருமுனைக் கடைகளில் அல்ல. இரண்டாவது விஷயம் இன்னும் எளியது: இயந்திரம் சக்கரத்தை நடுத்துளையின் மையத்தில் வைத்துச் சுற்றுகிறது. காரும் அதே மையத்தில்தான் சுற்றுகிறதா?

இந்த இடத்துக்கு வந்தபோதுதான் நான் தலைமையாசிரியரிடம் கேட்டேன்: “இந்த அலாய் வண்டியோடவே வந்ததா சார்?”

“இல்ல சார். போன தீபாவளிக்குப் பையன் வாங்கிப் போட்டுவிட்டான்.”

உறைக்குள் அந்தப் பில் இல்லை. பணம் கட்டியது மகன். ஓராண்டாக அந்த வண்டியைத் தொட்ட எவருக்கும் அலாய் பின்னால் வந்தது என்பது தெரியாது, ஏனென்றால் அவரிடம் இருந்த காகிதங்களைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். கழற்றி அளந்தோம். ஹப்பின் நடுமேடு 54 மில்லிமீட்டர். அலாயின் நடுத்துளை 67. வெளிச்சந்தை அலாய்களைப் பல கார்களுக்கும் பொருந்தும்படி பெரிய துளையோடு வார்ப்பார்கள். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். வளையம் இல்லாத சக்கரத்தை நான்கு நட்டுகள்தான் மையப்படுத்தியாக வேண்டும். நட்டின் கூம்பு முனை அதைச் செய்யும், செய்யவே செய்யாது என்று சொல்ல முடியாது. வளையமில்லாமல் ஒரு நடுக்கமும் இன்றி ஓடும் அலாய்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அதற்குச் சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கியிருக்க வேண்டும், நான்கு நட்டையும் கையால் குறுக்கும் நெடுக்குமாக ஏற்றி, பிறகு டார்க் ரெஞ்சில் முறுக்க வேண்டும். ஜாக்கியை இறக்கிவிட்டு, காற்றுத் துப்பாக்கியால் முதல் நட்டை ‘டர்ர்’ என்று ஏற்றினால், சக்கரம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கமே நின்றுவிடும்.

டயல் கேஜை வலது முன்சக்கரத்தின் ரிம்மில் வைத்துச் சுற்றினோம். முள் 0.6 மில்லிமீட்டர் ஆடியது. அதாவது, மையம் 0.3 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. மூன்று தாள்களை அடுக்கினால் வரும் தடிமன். டயரோடு சேர்த்துச் சக்கரம் 16 கிலோ. 16 கிலோ பொருள் 0.3 மில்லிமீட்டர் மையம் தவறிச் சுற்றினால், ரிம் விளிம்பில் 27 கிராம் ஈயத்தை ஒரே பக்கம் ஒட்டியதற்குச் சமம். சக்கரம் சற்றே மையம் தவறி உருள்வதால் வரும் குத்து தனி. இயந்திரம் பொய் சொல்லவில்லை. அது தன் மையத்தில் பூஜ்யம் காட்டியது, கார் தன் மையத்தில் நடுங்கியது. ஒவ்வொரு பேலன்சிங்குக்குப் பிறகும் நடுக்கம் கொஞ்சம் கூடியோ குறைந்தோ இருந்ததாக அவர் பிறகு சொன்னார். ஒவ்வொரு முறையும் சக்கரம் வேறொரு சாய்வில் ஏறியிருக்கிறது. அதைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை, நானும் தாமதமாகத்தான் கேட்டேன்.

இப்படி ஒரு வெற்றிக் கதையைச் சொல்லிவிட்டு நகர்வது நேர்மையாக இருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார், 100லிருந்து பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் துடிக்கிறது என்று வந்தது. நான் பார்த்தேன், ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்றேன், லேத்தில் கொடுத்துச் சீவினோம். நடுக்கம் போயே போய்விட்டது. நான்கு மாதத்தில் திரும்ப வந்தது. மறுபடி சீவினோம். அதற்கு மேல் டிஸ்க் மெலிந்துவிடும் என்பதால், மூன்றாம் முறை புது டிஸ்க்குகள். அதுவும் சில மாதங்களில் துடிக்கத் தொடங்கியபோதுதான் டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தைப் பார்த்தேன். துருவின் மெல்லிய தடம், விரல் நகத்தால் உணரக்கூடிய அளவில். டிஸ்க் அதன்மேல் நூற்றிலொரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் கோணலாக உட்கார்ந்திருந்தது. பிரேக் மிதிக்காமல் ஓடும்போதே, ஒவ்வொரு சுற்றிலும் பேட் ஒரே இடத்தை லேசாக உரசுகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களில் அந்த இடம் மட்டும் மெலிகிறது. 0.02 மில்லிமீட்டர் தடிமன் வித்தியாசம் வந்தால் போதும், பிரேக் மிதிக்கும் கால் அதை உணர்ந்துவிடும். டிஸ்க் வளையவே இல்லை. ஒரு பக்கம் தேய்ந்திருந்தது, அதைத் தேய்த்தது நான் சுத்தம் செய்யாமல் விட்ட ஹப். கம்பி பிரஷ்ஷும் பத்து நிமிடமும் போதுமாக இருந்த வேலை. கடைசி முறைக்கு நான் பணம் வாங்கவில்லை. முந்தைய முறைகளுக்கு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அந்த வாடிக்கையாளர் அதைக் கேட்கவில்லை என்பது என் தரப்பு நியாயமாகாது.

பாகம் மாற்றும் பட்டறைகளின் பக்கமும் சொல்வதற்கு உண்டு. தலைமையாசிரியருக்கு லோயர் ஆர்ம் மாற்றியவரை நான் பித்தலாட்டக்காரர் என்று சொல்ல மாட்டேன். லோயர் ஆர்மின் தேய்ந்த புஷ் நடுக்கத்தைப் பிறப்பிப்பதில்லை, ஆனால் சக்கரத்தில் பிறந்த சிறு நடுக்கத்தை வடிகட்டாமல் ஸ்டியரிங் வரை ஏற்றிவிடுகிறது. புது புஷ் போட்டால் நடுக்கம் பாதியாகும், வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகப் போவார், வேலையும் பொய்யில்லை. ஐந்து, ஆறு ஆண்டு ஓடிய காரில் எப்படியும் மாற்ற வேண்டியதாகவே இருந்திருக்கும். சோதனை ஓட்டம் என்று நான் எளிதாக எழுதுகிறேன். நகருக்குள் இருக்கும் பட்டறைக்காரர் 90 கிலோமீட்டர் வேகத்துக்கு எங்கே போவார்? நெரிசலைக் கடந்து பைபாஸுக்குப் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் அவர் இரண்டு வண்டிக்கு ஆயில் மாற்றியிருப்பார். ‘90ல்தானே நடுங்குது, 80ல போங்க’ என்று அறிவுரை சொல்பவர்களும் உண்டு. பாதுகாப்புக்கு நல்ல அறிவுரைதான். ஆனால், நடுக்கம் இல்லாத வேகத்திலும் அந்த 27 கிராம் பேரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

தவிர, எல்லா நடுக்கமும் காத்திருக்கக் கூடியதல்ல. இருபது, முப்பது கிலோமீட்டர் வேகத்திலேயே சக்கரம் தள்ளாடுவதுபோல் தெரிந்தால் பேலன்சிங் கடையைத் தேடிப் போகக் கூடாது, ஓரமாக நிறுத்த வேண்டும். டயருக்குள் இருக்கும் எஃகு அடுக்கு விட்டுப்போய்ப் புடைத்திருக்கலாம், ரிம் நெளிந்திருக்கலாம், நட்டு தளர்ந்திருக்கலாம். பஞ்சர் ஒட்டிய மறுநாள் தொடங்கிய நடுக்கம் என்றால் முதலில் நட்டுகள். எங்கே சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலும் ஐம்பது, நூறு கிலோமீட்டரில் நட்டை ஒருமுறை மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்வது அதனால்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் தயாரானது. பூ தேயாமல் இருக்கிறது என்று பழைய டயரை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும் பலர் அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை. 2020 ஊரடங்கு முடிந்து வண்டிகள் வெளியே வந்தபோது, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று டயரில் தட்டை விழுந்த கார்கள் வரிசையாக வந்தன. சில கார்கள் அரைமணி நேரம் ஓடி டயர் சூடானதும் சரியாகிவிட்டன, சில கார்களில் தட்டை நிரந்தரமாகிவிட்டது. ரிம்மின் உள்புறம் காய்ந்த சேறு இன்னொரு வேடிக்கை. சேற்றோடு பேலன்சிங் போட்டுவிட்டால், சில நாளில் சேறு உதிர்ந்து, ஒட்டிய ஈயமே கோளாறாகிவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: முன்சக்கரங்களைப் பின்னுக்கும் பின்சக்கரங்களை முன்னுக்கும் மாற்றி ஓட்டிப் பார்ப்பது. ஸ்டியரிங்கில் இருந்த உதறல் சீட்டுக்கு இடம்மாறினால் சக்கரம்தான். மாறாவிட்டால் ஹப், பிரேக், ஷாஃப்ட் என்று உள்ளே போகலாம். சந்தேகப்படும் சக்கரத்துக்குப் பதிலாக ஸ்டெப்னியை மாட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. (வேல்ஸ் நாட்டின் லனெலி நகரில் ஸ்டெப்னி தெருவில் உதிரிச் சக்கரம் செய்து விற்றவர்கள் வைத்த பெயர், அங்கே மறைந்து நம் ஊரில் வாழ்கிறது.) ஆனால், இப்போது பல கார்களில் ஸ்டெப்னி மெலிந்த தற்காலிகச் சக்கரம்; அதிலேயே 80 கிலோமீட்டர் என்று எழுதியிருக்கும். அதை மாட்டிக்கொண்டு 90க்குச் சோதனை போகக் கூடாது.

தலைமையாசிரியரின் காருக்குத் திரும்புகிறேன். நான்கு வளையங்கள் வரவழைத்து, ஹப்பைச் சுத்தம் செய்து, சக்கரங்களைத் தூக்கிய நிலையிலேயே நட்டுகளை முறுக்கினோம். டயல் கேஜ் முள் 0.1க்குள் நின்றது. செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் வரை அவரே ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறு வந்தபோது ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டு, மறு கையின் விரல் நுனியால் மட்டும் தொட்டுப் பார்த்தார். ஏரிக்கரை வரும்வரை எதுவும் பேசவில்லை.

பில்லில் வளையங்களின் விலை, ஒரு பேலன்சிங், கடைசியில் ‘சோதனை ஓட்டமும் ஆய்வும் 600 ரூபாய்’. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வரி வரியாகப் படித்தார். “ரிங்குக்குப் பணம் சரி சார். என் வண்டியில, என் பெட்ரோல்ல, நான் ஓட்ட, நீங்க பக்கத்துல உக்காந்து வந்ததுக்கு எதுக்கு அறுநூறு?”

கேலியாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். அந்த உறையிலிருந்த பில்களில் அப்படி ஒரு வரி ஒன்றிலும் இருந்ததில்லை. வண்டி உள்ளே வந்தபோது நானும் அவரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. வரியை அடித்துவிட்டு மீதியை வாங்கிக்கொண்டேன். அவர் பில்லைக் குண்டூசியில் குத்தி உறைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் ஜாப் கார்டின் முதல் வரியே அதுதான்: சோதனை ஓட்டம், கட்டணம், எந்த வேகத்தில், எங்கே, எப்போது என்று எழுதக் காலியிடம். சிலர் படித்துவிட்டு, “அதெல்லாம் வேணாம் சார், அலைன்மென்ட் பேலன்சிங் மட்டும் போட்டுக் குடுங்க” என்கிறார்கள். போட்டுக் கொடுக்கிறோம்.

- கட்டுரையாளர், வாகனப் பழுதாய்வுப் பொறியாளர், செங்கல்பட்டு